மோதிபாக் தாண்டினால் பேச்சு கிடையாது

ஜோதிலிங்கம்: ...அதனால திங்கக்கிழமையில இருந்து நான் பஸ்ல போயிடறேன்.

எலியேசர்: என்னது?

ஜோதிலிங்கம்: பஸ்ஸுய்யா. நம்ம செக்டர் முனையில ஏறினா ஆபீஸ் வாசல்ல இறக்கி விட்டுடறான். எதுக்கு ரெண்டு பேரும் காலங்காத்தால எட்டு கிலோமீட்டர் நடந்து சாகணும்?

எலியேசர்: வே, ஆர்.கே.புரத்துல இருந்து ஆபீஸுக்கு ரெண்டு வருசமா நடக்கோம். எட்டு கிலோமீட்டர்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா உமக்கு?

ஜோதிலிங்கம்: முழங்கால் வலிக்குதுய்யா.

எலியேசர்: எந்த முழங்கால்?

ஜோதிலிங்கம்: ...வலது.

எலியேசர்: நேத்து வரைக்கும் ஒண்ணும் சொல்லலியே.

ஜோதிலிங்கம்: வலி என்ன, அப்ளிகேஷன் போட்டுட்டா வரும்?

எலியேசர்: சாயந்தரம் வீட்டுக்கு வாரும். ஞானசௌந்தரி பாத்துச் சொல்லுவா. எம்பொஞ்சாதி இருபது வருசமா நர்ஸு, ஒரு முழங்காலைப் பாக்கத் தெரியாதா?

ஜோதிலிங்கம்: ஐயோ, அவங்க எதுக்கு... ட்யூட்டி முடிஞ்சு வந்து தூங்கட்டும், பாவம். தைலம் தேய்ச்சா சரியாயிடும்.

எலியேசர்: தைலத்துல சரியாவும்னா பஸ் எதுக்கு?

ஜோதிலிங்கம்: நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்யா. தப்பிப் போய் குமாஸ்தா ஆயிட்டே.

எலியேசர்: பேச்சை மாத்தாதீரும்... ஏய், பாத்து! பாத்து வாரும். ஏஷியாட் விளையாட்டு வருது, ஏஷியாட் வருதுன்னு தலைநகரையே தோண்டிப் போட்டுருக்கான். அந்தப் பலகை மேல காலை வையும்.

ஜோதிலிங்கம்: தாண்டிட்டேன். நீ வா, ஜல்தி, லாரி வருது.

எலியேசர்: முழங்கால் வலிக்காரரு குழியை ஒரே எட்டுல தாண்டுதீரு!

ஜோதிலிங்கம்: லாரி வந்தா செத்தவனே எழுந்து ஓடுவான். நான் தாண்ட மாட்டேனா?

எலியேசர்: சரி, மோதிபாக் தாண்டியாச்சு. இனிமே பேச்சு கிடையாது.

ஜோதிலிங்கம்: இன்னிக்கு அதை விட்டுடலாம்யா. பேச வேண்டியது இருக்கு.

எலியேசர்: சட்டம் போட்டது நீருதானே? மோதிபாக்குல இருந்து நேரு பார்க் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. பார்க் வாசல் வந்ததும், நேத்து பாக்காதது இன்னைக்கு என்ன பாத்தோம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருசத்துல ஒரு நாள் தப்புனது உண்டா?

ஜோதிலிங்கம்: உனக்குப் பல்லு வலி வந்த அன்னிக்கு?

எலியேசர்: அன்னைக்கும் நான் பேசல. முனகுனேன்.

ஜோதிலிங்கம்: சரி, நட...

எலியேசர்: ...

ஜோதிலிங்கம்: ...எலியேசரு—

எலியேசர்: உஸ்!

ஜோதிலிங்கம்: ...

எலியேசர்: ...

எம்பஸி காவல்காரர்: நமஸ்தே, மதராஸி சாப்! டண்ட் ஆ கயீ! குளிரு, குளிரு!

எலியேசர்: ...

ஜோதிலிங்கம்: ...

எம்பஸி காவல்காரர்: அச்சா, அச்சா. தோனோ சாப் கூங்கே! ஜாயியே, ஜாயியே!

எலியேசர்: ...

ஜோதிலிங்கம்: ...பார்க் வந்தாச்சுய்யா. இப்ப பேசலாமா?

எலியேசர்: பேசலாம். பாத்தீரா, நம்மளை ஊமைன்னாலும் அந்தக் காவல்காரன் நமக்காகத் தமிழே படிச்சுட்டான். 'குளிரு'ங்கான்!

ஜோதிலிங்கம்: போன வருஷம் நீ சொல்லிக் குடுத்ததுதான்.

எலியேசர்: சரி, நான் முதல்ல சொல்லுதேன். வலிக்கது வலது கால்னு சொன்னீரு. வழி பூரா இடது காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்தீரு. எம்பஸி வாசல் தாண்டுனதும் ரெண்டு காலும் நல்லாயிட்டு. இதுதான் நேத்து பாக்காதது. சட்டப்படி சொல்லிட்டேன். இப்ப உம்ம முறை.

ஜோதிலிங்கம்: நீ மூணு தடவை வாட்ச்சைப் பாத்தே.

எலியேசர்: ...வாட்ச்சைப் பாக்கது ஒரு சங்கதியா?

ஜோதிலிங்கம்: நேத்து ரெண்டு தடவை. இன்னிக்கு மூணு. போன வருஷமெல்லாம் உன் கையில வாட்ச்சே கிடையாது. ஸ்ட்ராப் அறுந்து பையோட அடியில கிடந்துச்சு. 'நேரம் எங்க ஓடிப் போவுது'ன்னு கேப்பே. செப்டம்பர்ல புது ஸ்ட்ராப் போட்டே.

எலியேசர்: தீபாவளி தள்ளுபடியில போட்டேன்.

ஜோதிலிங்கம்: செப்டம்பர்ல ஏதுய்யா தீபாவளி?

எலியேசர்: ...இரியும். முதல்ல அந்த பெஞ்சுல உக்காரும். ஆரஞ்சை எடும், இன்னைக்கு உம்ம வீட்டு முறை. லீலாவதி குடுத்து விட்டாங்களா?

ஜோதிலிங்கம்: குடுத்தா. இந்தா, நீ உரி.

எலியேசர்: நீருதான் உரிக்கணும். நீரு உரிக்கதைப் பாக்கதுக்கே ஒரு டிக்கெட் போடலாம். மொத நாள் ஞாபகம் இருக்கா? தோலைப் பிச்சு எறிஞ்சீரு, பாதிப் பழம் தோலோட போச்சு. மீதியைக் கொட்டையோட முழுங்குனீரு.

ஜோதிலிங்கம்: நாக்குல ஒண்ணுமே தெரியலையேய்யா அப்ப. வைக்கோலைக் குடுத்திருந்தாலும் தின்னிருப்பேன்.

எலியேசர்: இப்ப தோலு ஒரே சுருளா வருது. நாரை ஒண்ணு ஒண்ணா எடுக்கீரு. மோந்து பாக்கீரு. சொளைக்குச் சொளை கண்ணை மூடுதீரு... வே, ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லும்.

ஜோதிலிங்கம்: கேளு.

எலியேசர்: திரும்பவும் சுவரைப் பாத்துப் படுக்க ஆரம்பிச்சுட்டீரா?

ஜோதிலிங்கம்: சேச்சே!

எலியேசர்: முழங்காலுக்கு ஒண்ணும் இல்ல. அது எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். நடக்க வேண்டாம்னு உமக்குத் தோணுதுன்னா... எனக்குப் பயமா இருக்குவே. நீரு அப்ப எப்படி இருந்தீருன்னு நான் பாத்திருக்கேன்.

ஜோதிலிங்கம்: அதெல்லாம் இல்லய்யா. நல்லாத்தான் இருக்கேன்.

எலியேசர்: ஆபீஸ்ல எவனாவது மறுபடி தலைக்கு மேல ஏறி உக்காந்துட்டானா?

ஜோதிலிங்கம்: உக்காந்தா உக்காரட்டும். எனக்குக் கீழ இருந்த சேஷு செக்ஷன் ஆபீஸர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. நான் இன்னும் அதே அசிஸ்டெண்டு. அதே நாற்காலி, ஒரு கால் ஆடும், பேப்பரை மடிச்சு வெச்சிருக்கேன். நேத்து சேஷுவோட பொண்ணு பிறந்த நாளுன்னு லட்டு குடுத்தான். தின்னேன்யா. நல்லா இருந்துச்சு. முந்திரி நெறையப் போட்டிருந்தாங்க.

எலியேசர்: மெய்யாவா?

ஜோதிலிங்கம்: அப்பன்னா அந்த லட்டை ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பேன். அந்த நாலு மாசம் என்ன மாதிரி இருந்தேன்... லீலா ஒரு டம்ளரைக் கீழ வெக்கிற சத்தம் கேட்டா கத்துவேன். எம்பொண்ணு அனந்தலக்ஷ்மி ஹோம்வொர்க்ல தப்புப் போட்டுட்டான்னு கை நீட்டிட்டேன். ஏழு வயசுப் பிள்ளைய்யா. அப்புறம் பாத்ரூம்ல போய் நின்னு அழுதேன். அதை லீலாகிட்டக்கூட சொன்னது இல்ல.

எலியேசர்: ...தெரியும்வே. பழைய கதை.

ஜோதிலிங்கம்: இரு, இன்னிக்குச் சொல்லிடறேன். அப்பத்தான் பஸ் ஸ்ட்ரைக் வந்துச்சு. ஊரே தலையில கை வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. நீ வந்து கதவைத் தட்டினே. 'சட்டையைப் போடும்வே, நடந்தே போயிட்டு வருவோம்'னே. புத்திமதி சொல்லல. பிரமோஷன் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நான் வழி பூரா சேஷுவைத் திட்டிக்கிட்டே வந்தேன். பத்து நாள் கேட்டே.

எலியேசர்: பதினோரு நாள். ஸ்ட்ரைக் முடியுற வரைக்கும் திட்டுனீரு.

ஜோதிலிங்கம்: பன்னெண்டாம் நாள் பஸ் ஓட ஆரம்பிச்சிருச்சு. நான் ஸ்டாப்புல போய் நிக்கிறேன். நீ பாட்டுக்கு நடந்து போறே. எனக்கு ஆத்திரம். ஓடி வந்து கேட்டேன்.

எலியேசர்: 'கிறுக்கா உனக்கு'ன்னு கேட்டீரு.

ஜோதிலிங்கம்: நீ என்ன சொன்னே? 'மோதிபாக் பக்கம் ஒரு வேப்ப மரம் பூத்துருக்குவே, நேத்து நீரு திட்டுன வேகத்துல நான் அதைச் சரியாப் பாக்கல, இன்னைக்குப் பாக்கணும்'னே. அன்னிக்குத்தான் எனக்கே வெக்கமாப் போச்சு. சரி, இந்தத் தூரம் வரைக்கும் வாயை மூடிக்கிட்டு வர்றேன்னேன். அப்படி வந்த சட்டம்தானே இது?

எலியேசர்: நான் மரத்தைச் சொன்னேன். சட்டம் உம்மது.

ஜோதிலிங்கம்: இப்ப வீட்டுல காப்பி குடிக்கும்போது காப்பி மட்டும்தான் குடிக்கிறேன். பேப்பர் அப்புறம். அனந்தலக்ஷ்மி ஸ்கூல்ல நடந்ததை இந்தியில பாதி, தமிழ்ல பாதி ஒரு மணி நேரம் சொல்றா, முழுசாக் கேக்கிறேன். சாதத்துல உப்புக் கம்மின்னா தெரியுது. உப்புச் சரியா இருந்தாலும் தெரியுது, அதுதான் பெருசு. இதெல்லாம் நீ குடுத்ததுய்யா. நன்றின்னு உன்கிட்ட ஒரு நாள் வாய் விட்டுச் சொன்னது இல்ல. இன்னிக்குச் சொல்றேன். நல்லா இருப்பே.

எலியேசர்: ஏன்வே ஊரை விட்டுப் போறவன் மாதிரி பேசுதீரு?

ஜோதிலிங்கம்: இந்தா, சொளை. தின்னு.

எலியேசர்: வேண்டாம். இவ்வளவும் சொல்லிட்டு, திங்கக்கிழமையில இருந்து நடக்க மாட்டேங்கீரு. எனக்கு ஒண்ணும் புரியல.

ஜோதிலிங்கம்: எழுந்திரு. நடந்துக்கிட்டே பேசலாம். உனக்கு நேரம் ஆகுது.

எலியேசர்: எனக்கு என்ன நேரம் ஆவுது? பத்து மணிக்குத்தானே ஆபீஸு? ஒம்பதேகாலுக்குப் போய்ச் சேந்துருவோம்.

ஜோதிலிங்கம்: ...நீ வீட்டுல இன்னும் ஒரு மணி நேரம் நிம்மதியாத் தூங்கலாம்ல? ஞானசௌந்தரி கையால சூடா ரெண்டு தோசை தின்னுட்டு, சாவகாசமாக் கெளம்பலாம்ல?

எலியேசர்: எனக்குத் தோசை வேணும்னு உம்மகிட்ட மனு குடுத்தேனா?

ஜோதிலிங்கம்: உனக்கு அம்பது வயசு ஆகுதுய்யா.

எலியேசர்: நாப்பத்தொம்பது.

ஜோதிலிங்கம்: நாப்பத்தொம்பது வயசுல ஒரு கையில பை, ஒரு கையில சாப்பாட்டு டப்பா, அப்படி ஓடக் கூடாது.

எலியேசர்: யாரு ஓடுனா?

ஜோதிலிங்கம்: நீதான்.

எலியேசர்: நடக்கோம். எங்க ஓடுதோம்?

ஜோதிலிங்கம்: எலியேசரு... உன் ஆபீஸ் எங்க இருக்கு?

எலியேசர்: என்ன கேள்வி இது? ரெண்டு வருசமா உம்ம கூடத்தானே வாரேன். உம்ம பில்டிங்குக்கு எதுத்த பில்டிங்கு.

ஜோதிலிங்கம்: அது உன் பழைய ஆபீஸு. தினம் என்னை என் வாசல்ல விட்டுட்டு, அந்தக் கேட்டுக்குள்ள போறே. தூணுக்குப் பின்னாடி நிக்கிறே. நான் படி ஏறினதும் வெளிய வர்றே. வந்த வழியே ஆர்.கே.புரம் போற பஸ்ஸைப் பிடிக்க ஓடறே.

எலியேசர்: ...யாரு சொன்னது?

ஜோதிலிங்கம்: எங்க மாடி வராந்தாவுல நின்னா பஸ் ஸ்டாப் தெரியும்யா. நானே பாக்கிறேன். தினமும்.

எலியேசர்: எப்போ இருந்து?

ஜோதிலிங்கம்: ஜூலையில இருந்து. அன்னிக்கு மழை, உன் குடை என் கையில வந்துடுச்சு. குடுத்துட்டு வரலாம்னு மத்தியானம் உன் ரூமுக்கு வந்தேன். உன் சீட்டுல வேற யாரோ. 'எலியேசர் சாப்? வோ தோ மயி மே ஹீ ஆர்.கே.புரம் சலே கயே'ன்னார். மே மாசமே உங்க செக்ஷனை நம்ம ஆர்.கே.புரத்துக்கே மாத்தியாச்சாம். ஸ்வீட் எல்லாம் குடுத்தீங்களாம். உன் வீட்டுல இருந்து ஏழு நிமிஷ நடை.

எலியேசர்: ஆறு நிமிசம்.

ஜோதிலிங்கம்: ஆறு நிமிஷத்துல போய் உக்கார வேண்டிய ஆளு, எட்டு கிலோமீட்டர் என்னோட வந்து, எட்டு கிலோமீட்டர் பஸ்ல திரும்பிப் போறே!

எலியேசர்: ஜூலையிலயே தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலியே நீரு?

ஜோதிலிங்கம்: கேட்டா நீ நின்னுடுவியே! இன்னும் ஒரு நாள் வரட்டும், நாளைக்குக் கேட்டுக்கலாம்னு இருந்தேன். அடுத்த நாளும் அப்படியே. நாலு மாசம் அப்படியே ஓட்டிட்டேன். சுயநலம்யா. வராந்தாவுல நின்னு நீ ஓடறதைப் பாப்பேன், உனக்கு உக்கார எடம் கெடைக்கணும்னு வேண்டிக்குவேன், நாளைக்கும் நீ வரணும்னும் வேண்டிக்குவேன். எப்பேர்ப்பட்ட சிநேகிதன் பாரு நான்.

எலியேசர்: பெறவு இன்னைக்கு மட்டும் எதுக்கு இந்த முழங்கால் நாடகம்?

ஜோதிலிங்கம்: உனக்கு மெமோ வந்திருக்குல்ல?

எலியேசர்: ...ஞானசௌந்தரி!

ஜோதிலிங்கம்: அவங்களைத் திட்டாதே. முருங்கைக்காய் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போன இடத்துல லீலாகிட்ட சொல்லி இருக்காங்க. 'ரோட்டை எல்லாம் தோண்டினதுல இருந்து பஸ் சுத்திப் போகுது, இவர் தினம் லேட்டு, எழுத்து மூலமாக் கேட்டுட்டாங்க, மனுஷன் சாப்பிடக்கூட மாட்டேங்கிறார்'னு. அதைக் கேட்டப்புறம் எனக்கு ஒரு வாய் இறங்கலய்யா. சர்வீஸ்ல ஒரு கறுப்புப் புள்ளி இல்லாத ஆளு நீ. எனக்காக உனக்கு ஒரு கெட்ட பேரா?

எலியேசர்: உமக்காகன்னு எவன் சொன்னான்?

ஜோதிலிங்கம்: பின்ன?

எலியேசர்: நான் உமக்குக் காவலா வாரேன்னு நெனச்சீராக்கும்? ஆபீஸ் மாறுனதும் எல்லார் மாதிரியும் எனக்கும் சந்தோசம்தான். மொத நாள் ஆறு நிமிசத்துல போய் உக்காந்தேன். ரெண்டாம் நாளும் போனேன். வீட்டுல இருந்த மூஞ்சியையே ஆபீஸுக்குக் கொண்டு போனேன், ஆபீஸ் மூஞ்சியை அப்படியே வீட்டுக்குக் கொண்டாந்தேன். சாயந்தரம் ஞானசௌந்தரி, 'இன்னைக்கு ரோட்டுல என்ன பாத்தீங்க'ன்னு கேட்டா. தினமும் கேப்பா. சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல வே.

ஜோதிலிங்கம்: அந்த ரெண்டு நாள்தான் ஜுரம்னு சொன்னியா?

எலியேசர்: ஆமா. மூணாம் நாள் காலையில உம்ம வீட்டு வாசல்ல நின்னேன். நான் சபையில மணிக்கணக்கா ஜெபம் பண்ணுத ஆளு. அது வேணும், இது வேணும்னு ஆண்டவர்கிட்ட லிஸ்ட் படிப்பேன். இந்த ரோட்டுல வாயைப் பொத்திக்கிட்டு நடக்கையிலதான் ஒண்ணும் கேக்காம ஸ்தோத்திரம்னு வருது. வெயில் பட்டா ஸ்தோத்திரம். அந்தக் காவல்காரன் 'குளிரு'ன்னா ஸ்தோத்திரம். இதைக் குடுத்தது நீரு. வேப்ப மரம் பாக்கத் தெரிஞ்சவனுக்கு வாயை மூடத் தெரியல. நீருதான் சட்டம் போட்டீரு.

ஜோதிலிங்கம்: ...கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கிறியே, அழறியா?

எலியேசர்: தூசி வே. ஏஷியாட் தூசி.

ஜோதிலிங்கம்: எதுவா இருந்தாலும் மெமோ மெமோதான்யா. என் பேச்சைக் கேளு. திங்கக்கிழமை நீ வராதே. நான் தனியாவே நடக்கிறேன், சத்தியமா நடக்கிறேன், சுவரைப் பாத்துப் படுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து மலை மந்திர் கோயில் வரைக்கும் போவோம். எனக்கு அது போதும்.

எலியேசர்: எனக்குப் போதாது.

ஜோதிலிங்கம்: அடம் பிடிக்காதய்யா. அந்த மெமோவுக்கு என்ன பதில் எழுதுவே? சிநேகிதனோட ஆரஞ்சு தின்னேன்னா?

எலியேசர்: பதில் எழுதியாச்சு.

ஜோதிலிங்கம்: எப்போ? என்னன்னு?

எலியேசர்: செவ்வாக்கிழமையே. லேட்டுக்கு மன்னிச்சிரணும், என்னைப் பழைய பில்டிங்குக்கே திருப்பி அனுப்பிரணும்னு. என் சீட்டுல ஒருத்தரைப் பாத்தீருல்லா, அவருக்கு வீடு ஆர்.கே.புரம் செக்டர் எட்டு. நான் இங்க வாரேன், அவரு அங்க போறாரு. கேட்டதும் மனுசன் என்னைக் கட்டிப் பிடிச்சுட்டாரு. வீட்டுப் பக்கத்துல ஆபீஸ் வேண்டாம்னு மனு குடுத்தவனை முப்பது வருச சர்வீஸ்ல பாத்ததில்லைன்னுட்டு, எங்க ஆபீஸரு 'நெசமாவா'ன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டுத்தான் கையெழுத்தே போட்டாரு. ஆர்டர் நேத்து சாயந்தரம் வந்துட்டு. திங்கக்கிழமையில இருந்து எனக்கும் இங்கனயேதான் வேலை. ராத்திரி பூரா தூக்கமே இல்ல, இதை உம்மகிட்ட எப்படிச் சொல்லுததுன்னு... திரும்பி வந்ததைச் சொல்லணும்னா, போனதைச் சொல்லணும்லா?